பதினொன்றாம் தேதிக் கதவு

மருந்துக் கிடங்கில் அவளை எல்லோரும் சாவியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். இடுப்பில் எந்நேரமும் ஒரு கொத்துச் சாவி தொங்கும். அவள் வருகிறாள் என்பது வருவதற்கு முன்பே தெரிந்துவிடும். பதினோரு வருடமாகக் குளிர் அறை அவள் பொறுப்பு. தடுப்பூசிப் பெட்டிகள் அடுக்கியிருக்கும் அந்த அறையை ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது திறப்பாள், ஆறு தடவை சாத்துவாள். சாத்தும்போது கதவின் ரப்பர் விளிம்பு 'ப்ஸ்' என்று மூச்சு விடும். அந்தச் சத்தம் கேட்காமல் அவள் அங்கிருந்து காலை எடுத்ததில்லை.

அந்தக் கதவுதான் கடைசியில் அவள் தலையில் விழுந்தது.

ஓர் ஆஸ்பத்திரி நாற்பது பெட்டித் தடுப்பூசியைத் திருப்பி அனுப்பியது. குப்பிகளின் மேல் ஒட்டியிருக்கும் வெப்பக் காட்டி நிறம் மாறிப் போயிருந்தது. மேனேஜர் குளிர் அறையின் வெப்பநிலைக் குறிப்பை எடுத்துப் புரட்டினார். பதினொன்றாம் தேதி மாலை ஐந்தே முக்காலிலிருந்து மறுநாள் காலை எட்டு வரை அறையில் குளிர் நிற்கவில்லை. மறுநாள் சாவியக்காவுக்கு வார விடுமுறை. அவளுக்குப் பதிலாக வந்த பேக்கிங் பெண், "காலையில வந்தப்போ கதவு ஒருக்களிச்சு இருந்துச்சு சார். யாரோ உள்ள எடுக்கப் போயிருக்காங்கன்னு நெனச்சேன். அப்புறம் சாத்திட்டேன்" என்று கையைப் பிசைந்தாள்.

"நான் சாத்தினேன் சார். சத்தம் கேட்டுட்டுத்தான் வீட்டுக்குக் கெளம்பினேன்" என்றாள் சாவியக்கா.

"சத்தத்தைப் புடிச்சு வெச்சிருக்கியாம்மா? காட்டு, கேப்போம்" என்றார் மேனேஜர்.

குளிர் அறைக்கு இன்னொரு சாவி மேனேஜரிடம் உண்டு. அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அவளும் திறக்கவில்லை. அவளுக்கு இன்னொருவரை மாட்டிவிடும் எண்ணமில்லை. தான் கதவைச் சாத்துவதை எல்லோரும் ஒரே ஒரு தடவை பார்த்தால் போதும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

"கேமரா இருக்கே சார். ஆறாம் நம்பர் கதவைப் பாத்துத்தானே இருக்கு? முப்பது நாள் பதிவு இருக்கும். போட்டுப் பாருங்க."

"அப்ப உன் வீட்டுக்காரரைத்தான் கூப்பிடணும்" என்றார் மேனேஜர்.

ஆமாம், கிடங்கில் கேமரா மாட்டியது அவள் கணவன்தான். கடைகளுக்கும் கிடங்குகளுக்கும் கேமரா மாட்டிப் பராமரிப்பது அவன் தொழில். இந்த இடத்தை அவனுக்குப் பிடித்துக் கொடுத்ததே அவள். 'எங்க வீட்டுக்காரர் கை வெச்சா பிசகாது சார்' என்று இதே மேனேஜரிடம் சொன்ன வாய் அது.

வெள்ளிக்கிழமை மதியம் அவன் வந்தான். மேனேஜர் அறையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பதிவுப் பெட்டியைத் திரையில் இணைத்து மாத நாட்காட்டியைத் திறந்தான். பதிவு இருக்கும் நாளெல்லாம் பச்சை. பதினொன்றும் பச்சைதான். சாவியக்காவுக்கு அப்போதே பாதி உயிர் வந்துவிட்டது. பதினொன்று, ஆறாம் கேமரா, மாலை ஐந்தரை. அவன் தட்டினான்.

திரையில் கதவு தெரிந்தது. கதவுக்கு முன்னால் மேனேஜர் ஒற்றைக் காலில் நின்று, இரண்டு கையையும் மேலே தூக்கி, தொப்பையை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஐய, நம்ம சார்!" என்றாள் பேக்கிங் பெண். சிரிப்பை அடக்க முடியாமல் இருவர் வெளியே போனார்கள்.

"டாக்டர் சொன்னாரும்மா, முதுகு வலிக்கு" என்ற மேனேஜர் திரையை உற்றுப் பார்த்தார். "இருய்யா. இது நான் இந்த வாரம்தானே ஆரம்பிச்சேன்? மூலையில தேதியைப் பாரு. இருபத்துமூணு. பதினொண்ணைக் கேட்டா இருபத்துமூணைக் காட்டுது உன் பெட்டி?"

அவன் பத்தைத் தட்டினான். இருபத்திரண்டு வந்தது. ஐந்தைத் தட்டினான். மறுபடியும் இருபத்துமூன்று. பின் கழுத்தைத் துடைத்துக்கொண்டான்.

"டிஸ்க்ல ஏதோ குழப்பம் சார். வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் பாத்துட்டுத் திங்கக்கிழமை கொண்டாந்து மாட்டறேன்."

"திங்கக்கிழமை தலைமை ஆபீஸ்லேந்து விசாரணைக்கு வராங்க. அதுக்குள்ள சரி பண்ணிடு. இல்லேன்னா உன் பொண்டாட்டிக்குத்தான் கஷ்டம்."

வரும் வழியெல்லாம் அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். "வந்துடுமாங்க? பதினொண்ணு வந்துடுமா?"

"பாக்கலாம், பாக்கலாம்" என்றான் அவன். வண்டி ஓட்டும்போது அவன் அப்படி விறைப்பாக உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

டிஸ்க் விஷயத்தில் சாவியக்கா ஒன்றும் அறியாதவள் அல்ல. கணவன் வெளியே போயிருந்தால் வாடிக்கையாளர் போனை எடுப்பவள் அவள்தான். "நாலு டிபி வாங்கினா கம்ப்யூட்டர்ல மூணரை சொச்சம்தானே காட்டுது, மிச்சத்தை யார் தின்னது?" என்று கத்துபவர்களிடம், "யாரும் திங்கலை சார். டிஸ்க் செய்யறவங்க ஒரு கணக்குல எண்றாங்க, கம்ப்யூட்டர் வேற கணக்குல எண்ணுது. மூணு புள்ளி ஆறு மூணுன்னு காட்டுதா? அப்ப சரியாத்தான் இருக்கு, நிம்மதியாத் தூங்குங்க" என்று சொல்லி வைப்பாள்.

இன்னொரு வழக்கமும் அந்த வீட்டில் உண்டு. எந்த டிஸ்க்கும் மாட்டப் போவதற்கு முன் சாப்பாட்டு மேஜைக்கு வரும். அதன் மேல் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணை அவள் உரக்கப் படிப்பாள். கம்ப்யூட்டர் காட்டும் எண்ணை அவன் படிப்பான். இரண்டும் ஒத்துப்போனால், நீல அட்டை போட்ட நோட்டில் எண்ணை எழுதி, பக்கத்தில் 'சரி' என்று போடுவாள். கல்யாணமான புதிதில் அது ஒரு விளையாட்டாக இருந்தது. இப்போது பழக்கமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் டிஸ்க் மேஜைமேல் கம்ப்யூட்டரோடு இணைந்து கிடந்தது. அவன் ஏதோ தட்டினான், மூடினான், மறுபடி திறந்தான். பிறகு போன் வந்து மாடிக்குப் போனான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். திரையில் அளவு தெரிந்தது: மூன்று புள்ளி ஆறு மூன்று. சரியாகத்தான் இருந்தது.

பக்கத்தில் அவன் பாதியில் விட்டுப்போன சோதனை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. டிஸ்க்கில் எதையும் எழுதாமல், அங்கங்கே இருப்பதைப் படித்துக் காட்டும் சோதனை. தொடக்கத்தில் இருப்பதைப் படித்தது. பிறகு அரை டிபி தாண்டி இருப்பதைப் படித்தது. இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. ஒன்றாவது டிபியில் படித்தது. அதுவும் அதேதான். இப்படி எட்டு இடத்தில் படித்து, எட்டு இடத்திலும் ஒன்றையே காட்டியது.

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. இது நாலு டிபி டிஸ்க்கே இல்லை. அரை டிபி பழைய டிஸ்க். யாரோ அதற்குள் கை வைத்து, 'நாலு' என்று சொல்லப் பழக்கியிருக்கிறார்கள். கேட்பவர்களிடமெல்லாம் நாலு என்று சொல்லும். எழுத எழுத வாங்கிக்கொள்ளும். அரை நிரம்பியதும் சத்தம் காட்டாமல் முதலிலிருந்து பழையதன் மேலேயே எழுதும். பெட்டி வைத்திருக்கும் பட்டியலில் முப்பது நாளும் பச்சையாகத்தான் இருக்கும். உள்ளே இருப்பதோ கடைசி நாலு நாள். பதினொன்றாம் தேதி பதினைந்தாம் தேதியே போய்விட்டது.

யாரோ அவனை ஏமாற்றியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். ஐயோ பாவம் என்றுகூட நினைத்தாள். சோதனையின் ஓரத்தில் 'முந்தைய முடிவுகள்' என்று ஒன்று இருந்தது. அதைத் திறந்தாள்.

பத்தொன்பது டிஸ்க். பத்தொன்பதுக்கும் இதே முடிவு. தேதி நாலு மாதத்துக்கு முந்தையது. மாட்டுவதற்கு முன்னால் செய்த சோதனை.

எழுந்து போய் நீல நோட்டை எடுத்தாள். அந்தத் தேதியைத் தேடினாள். அன்று அவளுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது, அவன் "நான் எல்லாம் பாத்துட்டேன், ஒத்துப்போச்சு, நீ ஒட்டியிருக்கற நம்பரை மட்டும் எழுதிக்கோ" என்று அவசரப்படுத்தினான். ஒன்றின்கீழ் ஒன்றாகப் பத்தொன்பது எண். பக்கத்தில் பத்தொன்பது 'சரி'. எல்லாம் அவள் கையெழுத்து, முத்து முத்தாக.

அவன் இறங்கி வந்தான். மேஜையையும் நோட்டையும் அவள் முகத்தையும் பார்த்தான்.

"தெரிஞ்சேதான் மாட்டினீங்களா?"

"மெதுவாப் பேசு. எங்கக்கா உள்ள இருக்கா."

"தெரிஞ்சேதானா?"

"வாங்கினப்புறம்தான் தெரிஞ்சுது. குடுத்தவன் போனை அணைச்சுட்டுப் போயிட்டான். பத்தொம்பதையும் தூக்கிக் குப்பையில போடச் சொல்றியா?" அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். "யோசிச்சுப் பாரு. எவன் முப்பது நாள் பின்னாடி போய்ப் பாக்கப் போறான்? கடையில திருடு போனா மறுநாளே பாப்பான். நாலு நாள் தாராளம்."

"பாத்தாங்களே."

"அது நீயா இருப்பேன்னு நான் கண்டேனா?"

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு யாராவதாக இருந்திருந்தால் பரவாயில்லை என்று இவர் சொல்கிறார். அதைச் சொல்கிறோம் என்பதுகூட இவருக்குத் தெரியவில்லை.

"நாளைக்கு உள்ளதைச் சொல்லிடுங்க. டிஸ்க் சரியில்லை, பதிவே கெடையாதுன்னு. என்மேல பழி நிக்காது."

"சொன்னா பத்தொம்பது இடமும் போயிடும். நாளைக்கே. அதுவுமில்லாம நோட்டுல யார் எழுத்து இருக்குன்னு பாத்தியா?" என்று சொல்லிவிட்டு அவனே குரலைத் தணித்தான். "பயப்படாதே. நான் பக்குவமா எழுதித் தரேன். உன் பேர் கெடாம பாத்துக்கறேன்."

இதற்குள் கணவனின் அக்கா வாசற்படியில் வந்து நின்றிருந்தாள். வீட்டில் எது கசிந்தாலும் முதலில் நனைவது அவள் காதுதான். "ஏண்டி, ஒரு குடும்பம்னா யாராவது ஒருத்தர் தாங்கிக்கத்தான் வேணும். உனக்கு இந்த வேலை போனா இன்னொரு வேலை. அவனுக்குப் பேர் போனா?"

"எனக்குப் பேர் இல்லையா அண்ணி?"

"உன்னை அங்க யாரும் பேர் சொல்லியா கூப்பிடறாங்க?" என்று சிரித்துக்கொண்டே நாத்தனார் உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை டிஸ்க்கை மறுபடி மாட்டினான். பத்து மணிக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தாள். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். யார் பேசினாலும் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள். மேனேஜர் ஒரு பக்கம், சாவியக்கா எதிரே, கணவன் சுவரோரமாக நின்றான். அவன் எழுதிக் கொடுத்த தாளை அந்த அம்மாள் வாய்விட்டுப் படித்தாள்.

"டிஸ்க் பரிசோதிக்கப்பட்டது. கொள்ளளவு சரியாக உள்ளது. பதினொன்றாம் தேதி மாலை ஆறாம் கேமராவுக்கு மின்சாரம் வராததால் அந்த நேரப் பதிவு இல்லை. பெட்டி அந்த இடத்தில் வேறு நாளின் பதிவைக் காட்டுகிறது." நிமிர்ந்தாள். "மின்சாரம் ஏன் வரலை?"

"ஸ்விட்ச் ஆஃப் ஆகியிருக்கலாம் மேடம்" என்றான் அவன்.

"ஆறாம் கேமராவோட ஸ்விட்ச் எங்க இருக்கு?"

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "சாவியக்கா மேஜைக்குப் பின்னால மேடம்."

அந்த அம்மாள் அதை எழுதிக்கொண்டாள். சாவியக்கா திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவன் தோள்பையின் ஜிப்பைத் திறந்து மூடினான்.

"இதுதான் பக்குவமா எழுதினதா?" என்றாள் மெல்ல.

"யார் ஆஃப் பண்ணாங்கன்னு நான் எழுதலையே" என்றான் அவன், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

அந்த நொடி வரையிலும் அவள் தீர்மானித்திருக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு போய்விடலாம், வேலை போனால் போகட்டும் என்றுதான் காலையில் பல் துலக்கும்போதுகூட நினைத்திருந்தாள். கதவைச் சாத்த மறந்தவள் என்ற பேரை எப்படியோ சுமந்துவிடலாம். கதவைத் திறந்து போட்டுவிட்டுக் கேமராவையும் அணைத்தவள் என்றால் அது மறதி இல்லையே. அதற்கு வேறு பேர் இருக்கிறதே.

"மேடம்" என்றாள். "ஆறாம் கேமராதானே ஆஃப் ஆச்சுன்னு எழுதியிருக்கு? மொத்தம் எட்டு கேமரா இருக்கு. மத்த ஏழுல பதினொண்ணாம் தேதி இருக்கணும் இல்லையா? போட்டுப் பாருங்க."

கணவன் பையை விட்டுவிட்டு நிமிர்ந்தான்.

மேனேஜரே தட்டினார். முதல் கேமரா, பதினொன்று: திரையில் இருபத்துமூன்று. இரண்டாவது: இருபத்துமூன்று. வாசல், லாரி நிற்கும் இடம், கணக்கர் மேஜை, எதைத் தட்டினாலும் போன வாரம்தான் வந்தது. ஏழாவதில் மேனேஜர் மறுபடியும் ஒற்றைக் காலில் நின்றார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

"ஏழுமே ஆஃப்ல இருந்துச்சா?" என்று கேட்டாள் அந்த அம்மாள். "பச்சையா இருக்கற நாளெல்லாம் இப்படித்தானா? இந்த டிஸ்க் எவ்வளவு கொள்ளும்?"

"நாலு டிபி மேடம்" என்றான் அவன்.

"அரை" என்றாள் சாவியக்கா.

பிறகு அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அந்த டிஸ்க் எப்படிப் பொய் சொல்கிறது என்று சொன்னாள். வீட்டில் இப்படிப் பத்தொன்பது வந்தது என்றும், நோட்டில் 'சரி' போட்டவள் தான்தான் என்றும் சொன்னாள். அதைச் சொல்லியிருக்கவே வேண்டாம். சொல்ல ஆரம்பித்தபின் எதை விடுவது என்று தெரியவில்லை. அவன் பாதியிலேயே வெளியே போய்விட்டான். வண்டி கிளம்பும் சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டது.

சாயங்காலம் கடிதம் கொடுத்தார்கள். பதிவு இல்லாத காரணத்தால் குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. வேலையில் தொடரலாம். மறு உத்தரவு வரும்வரை லேபிள் ஒட்டும் பிரிவில் இருக்க வேண்டும். சாவிகளை ஒப்படைக்க வேண்டும்.

அவள் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். "மேடம், நான் கதவைச் சாத்தினேன்னு இதுல எழுத மாட்டீங்களா?"

அந்த அம்மாள் பேனாவை மூடினாள். கெட்டவள் இல்லை. முகத்தில் கொஞ்சம் இரக்கம்கூட இருந்தது. "அதைப் பாத்தவங்க யாரும் இல்லையேம்மா. சாத்தலைன்னும் நாங்க எழுதலை. அதோட விடு."

சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்தாள். பேக்கிங் பெண்தான் எடுத்துக்கொண்டாள். "ரெண்டு நாளைக்குத்தான் அக்கா, அப்புறம் உங்ககிட்டயே வந்துடும்" என்றாள். அவள் போன பிறகு பக்கத்து அறையில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. "புருஷன் பொருத்தின கேமரா, பொண்டாட்டி காக்கற கதவு. ரெண்டு பேரும் சேந்து நல்லாத்தான் தப்பிச்சாங்க."

வீட்டில் அவன் மேஜையருகே உட்கார்ந்திருந்தான். போன் அடித்து அடித்து ஓய்ந்தது. எடுக்கவில்லை. நாத்தனார் தட்டை 'டங்'கென்று வைத்தாள். "வேலையைக் காப்பாத்திக்கிட்டியா? ரொம்ப சந்தோஷம். கட்டினவனைத் தெருவுல நிறுத்திட்டு நீ நல்லா இரு." தம்பிக்கு மட்டும் பரிமாறிவிட்டுப் போனாள்.

அவன் சாப்பாட்டைத் தொடவில்லை. தலையைத் தூக்காமலே பேசினான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இனிமே மறைக்க என்ன இருக்கு? நெஜத்தைச் சொல்லு. அன்னிக்கு நீ சாத்தினியா?"

"சாத்தினேன்."

அவன் தலையை ஆட்டினான். நம்பாதவர்கள் ஆட்டுவது போலத்தான் இருந்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டியவன் இவன். இவன் என்னைக் கேட்கிறான். சமையலறைக்குப் போய் அடுப்பில் வெந்நீர் வைத்தாள்.

சாத்தினேன். கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். மனதுக்குள் அதை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்று நினைத்து, கண்ணை மூடி அதைக் கொண்டுவந்தாள். வந்தது. கதவை இழுக்கும் கையில் கட்டுப் போட்டிருந்தது. அது போன மாதம் அட்டைப்பெட்டி கையைக் கிழித்தபோது கட்டிய கட்டு. இது இல்லை. இன்னொரு தடவை கொண்டுவந்தாள். பின்னால் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பதினொன்றாம் தேதி மழை இல்லை. இன்னொன்று. அதில் பழைய கதவே இருந்தது, மாற்றுவதற்கு முன்பிருந்த பச்சைக் கதவு.

"தண்ணி கொதிக்குது, கேக்கலையா?" என்று அவன் உள்ளே குரல் கொடுத்தான்.

கேட்டது. அவள் அடுப்பை அணைக்காமல் நின்று, மறுபடியும் கண்ணை மூடினாள்.